பளிங்கில் ஒரு துளை: பழைய ஆர்க்கோ விளக்கும் ஆறு நாற்காலிகளும் வாங்கிய கதை

மிலானில் பழைய விளக்குகளைப் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வயர் மாற்றுவது, துரு எடுப்பது, உடைந்த ஹோல்டருக்கு அதே காலத்து ஹோல்டரைத் தேடிப் பிடிப்பது, இதுதான் அன்றாடம். போன வருடம் தம்பி முறையாகப் பழகும் நண்பன் ஒருவனுக்காக ஒரு ஸ்டாண்ட் விளக்கும் ஆறு நாற்காலிகளும் தேடி நாலு மாதம் அலைந்தேன். ஒரு தடவை ஏமாறாமல் தப்பித்தோம். இன்னொரு தடவை என் அவசரத்தால் பாதி ஏமாந்தோம். 1950, 60களின் இத்தாலியப் பொருள்களை வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டுமே உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவனும் அவன் மனைவியும் குடிவந்த வீடு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. கூரை முழுக்கச் சுண்ணாம்புப் பூவேலை. ஒருநாள் போன் செய்தான். “அக்கா, மேலே எங்கேயும் துளை போடக்கூடாதுன்னு வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதிட்டார். சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் வேணும். என்ன பண்றது?”

கேட்டவுடன் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் வந்தன. இதே கேள்வியைத்தான் இத்தாலிய வடிவமைப்பாளர் ஆக்கில்லே காஸ்திலியோனியும் அவருடைய அண்ணன் பியர் ஜாக்கோமோவும் தங்களிடமே கேட்டுக்கொண்டார்கள். 1962-ல் அவர்கள் கண்ட பதில்தான் ஆர்க்கோ. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வில் என்று பொருள். பளிங்குக் கல்லில் ஊன்றிய ஒரு எஃகுக் கால் மேலே போய், வில்லாக வளைந்து, இரண்டு மீட்டர் தள்ளி மேசைக்கு நேர் மேலே வெளிச்சத்தைத் தொங்கவிடும். தெருவிளக்கைப் பார்த்து வந்த யோசனை. கூரையைத் தொடவே வேண்டாம்.

“அப்போ அதையே வாங்கிடலாமே” என்றான். வாங்கலாம். ஃப்ளோஸ் நிறுவனம் அதை இன்றும் தயாரிக்கிறது, கடையில் புதிதாகவே கிடைக்கும். ஆனால் பழையதுதான் வேண்டும் என்றாள் அவன் மனைவி. அவள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது: அறுபது வருடம் ஒரு வீட்டில் எரிந்த விளக்கு தன் வீட்டில் மிச்ச காலம் எரியட்டும் என்றாள். சரி, பழையதே பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

எங்கே தேடுவது

மிலானில் பெரும்பாலான மாதங்களில் கடைசி ஞாயிறு நவீல்யோ கிராந்தே கால்வாய்க் கரையில் பழம்பொருள் சந்தை கூடும். டஸ்கனியில் அரெட்சோ நகரத்தில் மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் ஊர்ச் சதுக்கமும் சந்துகளும் நிறையக் கடை போடுவார்கள், 1968-லிருந்து நடக்கிறது. பார்மாவில் வருடத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், பெரிய கண்காட்சி உண்டு. வியாபாரிகளே வியாபாரிகளிடம் வாங்கும் இடம் அது. இது தவிர ஏல நிறுவனங்கள். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை கடைசி விலை ஆகாது. அதன்மேல் நிறுவனத்தின் கமிஷன் கால் பங்கும் அதற்கு மேலும் ஏறும். முதல்முறை ஏலம் கேட்பவர்கள் இதை மறந்துவிட்டு அப்புறம் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏலப் பட்டியல்களில் வரும் சொற்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு பொருளுக்குப் பக்கத்தில் ‘அத்ரிபுய்தோ’ என்று இருந்தால், இன்னார் செய்தது என்று கருதுகிறோம் என்று பொருள். கையில் சான்று இல்லை. ‘ஸ்தீலே’ என்று இருந்தால் அந்தப் பாணியில் யாரோ செய்தது. பித்தளைக் கம்பியும் வண்ணத் தகரமும் வெள்ளைக் கண்ணாடியும் சேர்ந்த எந்த விளக்கைப் பார்த்தாலும் ‘ஸ்டில்நோவோ’ என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டில்நோவோ 1946-ல் மிலானில் தொடங்கிய உண்மையான நிறுவனம், அருமையான விளக்குகள் செய்தது. அதே சமயம் அந்தக் காலத்தில் மிலானைச் சுற்றி அதே சாயலில் விளக்கு செய்த பெயர் தெரியாத பட்டறைகளும் எத்தனையோ இருந்தன. அவையும் நல்ல விளக்குகள்தான். அவற்றை அவற்றின் விலைக்கு வாங்கலாம், ஸ்டில்நோவோ விலைக்கு வாங்கக்கூடாது.

எங்களிடம் இருந்த பணம் விளக்குக்கு 2,000 யூரோ, நாற்காலிகளுக்கு 4,000. இந்த உலகத்தின் உச்சாணிக் கொம்பு வேறு. டூரினைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கார்லோ மொல்லீனோ 1949-ல் செய்த ஓக் மர, கண்ணாடி மேசை ஒன்று 2005-ல் நியூயார்க் ஏலத்தில் 38 லட்சம் டாலருக்குப் போனது. அவர் ஒரு வீட்டுக்கென்று ஒன்றிரண்டாகச் செய்தவர். ஆர்க்கோ தொழிற்சாலைப் பொருள், நிறைய வந்தது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

முதல் விளக்கு

சந்தையில் முதலில் பார்த்த ஆர்க்கோவுக்கு வியாபாரி 1,900 யூரோ சொன்னார். “அறுபதுகளின் அசல். ஒரே குடும்பத்தில் இருந்தது” என்றார். விளக்கு பழையதுதான், அதில் சந்தேகமே இல்லை. பிளக் பழையது, வயர் மஞ்சள் பூத்திருந்தது, பளிங்கில் ஒரு தம்ளர் வைத்த வட்டக் கறை. நண்பன் என் தோளைத் தட்டினான். “அக்கா, எடுத்துடலாமா?”

கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

ஆர்க்கோவின் அடிக்கல்லில் ஒரு துளை உண்டு. கல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராகப் போகும். அழகுக்குப் போட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கல் அறுபது கிலோவுக்கு மேல் எடை. அதை நகர்த்த வேண்டுமானால் துடைப்பக் கட்டையைத் துளையில் நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இரண்டு பேர் தூக்க வேண்டும். அதற்காகவே அந்தத் துளை. கல்லின் மூலைகளைச் சீவிவிட்டிருப்பதும் அப்படித்தான்: நடக்கிறவர் கால் இடித்துக்கொள்ளாமல் இருக்க. பாரத்துக்குக் கான்கிரீட் போடலாம் என்றுகூட யோசித்திருக்கிறார்கள். அதே எடைக்குப் பளிங்கு இடத்தைக் குறைவாக அடைக்கும் என்று பளிங்குக்கு வந்தார்கள். இந்த விளக்கில் அலங்காரம் என்று எதுவும் இல்லை, மூலைக்கும் துளைக்கும் வேலை இருக்கிறது என்று ஆக்கில்லேயே பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

நான் என் விரலைத் துளைக்குள் விட்டேன். இரண்டாவது கணுவரை போனது. அதற்கு மேல் கல். மறுபக்கம் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே அளவு குழி, அப்புறம் கல். இரண்டு பக்கமும் துளை போலத் தெரியும்படி குழி தோண்டியிருந்தார்கள்.

படத்தைப் பார்த்துச் செய்தவருக்கு அங்கே ஒரு வட்டம் இருப்பது தெரிந்திருக்கிறது. அது எதற்கு என்று தெரியவில்லை. எனக்கு அந்த நொடியில் கோபம் வரவில்லை, ஒருவிதத் துக்கம்தான் வந்தது. அப்புறம் மற்றவற்றையும் பார்த்தேன். மூலைகள் கூராகவே இருந்தன. வில் பகுதி வெறும் உருண்டைக் குழாய். ஆர்க்கோவின் வில் மூன்று துண்டுகளால் ஆனது; ஒவ்வொன்றும் குறுக்குவெட்டில் ஆங்கில ‘யு’ வடிவத்தில் மடித்த துருப்பிடிக்காத எஃகு. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும், அதனால் வில்லை நீட்டலாம், குறைக்கலாம். மின்கம்பி அந்த மடிப்புக்குள்ளேயே ஒளிந்து ஓடும். இந்த விளக்கில் நீட்ட வழியில்லை. குழாயில் குரோம் உரிந்து துரு தெரிந்தது. துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. பையில் இருந்த காந்தத்தை வைத்தேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது. காந்தத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது, எஃகிலும் பல வகை உண்டு. ஆனால் துளையும் மூலையும் வில்லும் ஒன்றாகச் சொல்வதைக் காந்தமும் சொன்னால் போதும்.

வியாபாரியிடம் சண்டை போடவில்லை. அவரும் அதை அசல் என்று நம்பியே யாரிடமோ வாங்கியிருக்கலாம். துளை முழுக்கப் போகவில்லை என்று காட்டினேன். விரலை விட்டுப் பார்த்துவிட்டு அவர் பேசாமல் இருந்தார்.

வயதான நகல்

திரும்பி வரும் வழியில் நண்பன் கேட்டான்: “வயர், கறை, எல்லாம் பழசாத்தானே இருந்தது? நகல்னா புதுசாத்தானே இருக்கணும்?”

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். இதைப் புரிந்துகொள்ள இத்தாலியச் சட்டத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும் பொருளின் வடிவத்துக்கு இத்தாலியில் 2001 வரை பதிப்புரிமை கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கலை என்பது பொருளிலிருந்து பிரித்தெடுக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே பாதுகாப்பு என்று பழைய சட்டம் சொன்னது. ஆர்க்கோவில் எதைப் பிரிப்பது? வளைவைப் பிரித்தால் விளக்கே இல்லை. இதனால் பல பத்தாண்டுகள் நகல்கள் தாராளமாகச் சந்தைக்கு வந்தன.

1998-ல் ஐரோப்பிய ஒன்றியம் வடிவமைப்புப் பாதுகாப்பு பற்றி ஓர் உத்தரவு போட்டது. 2001-ல் இத்தாலி தன் சட்டத்தை மாற்றியது. மாற்றும்போதே, ஏற்கெனவே நகல் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பத்து வருட அவகாசமும் கொடுத்தது. 2006-ல் ஃப்ளோஸ் நிறுவனம் மிலான் நீதிமன்றத்துக்குப் போனது. செமெராரோ என்ற நிறுவனம் சீனாவிலிருந்து ‘ஃப்ளூயிதா’ என்ற பெயரில் இறக்கி விற்ற விளக்கு, ஆர்க்கோவின் எல்லா அம்சத்தையும் காப்பியடித்தது என்பது வழக்கு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2007-ல், நகல் செய்பவர்களுக்கு இன்னும் சாதகமாகச் சட்டத்தைத் திருத்தினார்கள். மிலான் நீதிமன்றம் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2011 ஜனவரி 27 அன்று பதில் வந்தது: பதிப்புரிமைக்குத் தகுதியுள்ள வடிவம் பழையது என்பதாலேயே அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு நாடு சட்டம் போட முடியாது, பத்து வருடம் முழுவதும் எல்லாருக்கும் விலக்குக் கொடுப்பதும் செல்லாது. தொழிற்சாலைப் பொருள் என்று ஒதுக்கிவைத்த ஒன்றைக் கலைப்படைப்பாக மதிக்க ஐம்பது வருடம் ஆயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வாங்குகிறவருக்கு இதில் உள்ள பாடம் நேரடியானது. 2001-க்கு முன்னால் வந்த நகலுக்கு இன்று இருபத்தைந்து வயது கடந்துவிட்டது. 70களில், 80களில் வந்த நகலுக்கு அதைவிட அதிகம். வயர் பழுத்திருக்கும், கல்லில் கறை இருக்கும், ஏதோ ஒரு குடும்பத்தில் நிஜமாகவே இருந்திருக்கும். பழையது என்பதும் அசல் என்பதும் வேறு வேறு. ஃப்ளோஸ் நிறுவனமே செய்த, ஆனால் போன வருடம் செய்த ஆர்க்கோ அசல்தான், பழையதல்ல. நாங்கள் பார்த்தது பழையது, அசலல்ல. ஒட்டியிருக்கும் லேபிளை வைத்து இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அந்த விளக்கிலேயே போலி செய்ய மிகச் சுலபமான பாகம் அதுதான்.

அந்த வாரம் நண்பனையும் அவன் மனைவியையும் பியாட்சா காஸ்தெல்லோ சதுக்கத்தில் இருந்த ஆக்கில்லே காஸ்திலியோனியின் பழைய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அப்போது அது அவர் பெயரில் அறக்கட்டளையாக இருந்தது, பார்வையாளர்களை விட்டார்கள். கோட்டைக்கு எதிர்ப்புறம், தரைத்தளம்.  அவர் எங்கெங்கோ பொறுக்கிய சாதாரணப் பொருள்கள், கத்தரிக்கோல், மூக்குக் கண்ணாடி, விளையாட்டுச் சாமான் என்று நிறைய இருந்தன. ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று சளைக்காமல் கேட்ட ஒருவரின் அறை அது. அங்கே போய்வந்த பிறகு நண்பன் எந்த விளக்கைப் பார்த்தாலும் முதலில் குனிய ஆரம்பித்தான்.

இரண்டாவது விளக்கு

இரண்டு மாதம் கழித்து, பழைய வீடுகளைக் காலி செய்து கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் ஒருவரிடமிருந்து தகவல் வந்தது. வயதான தம்பதியின் வீடு, பிள்ளைகள் விற்கிறார்கள். போனோம். கூடத்தின் மூலையில் ஆர்க்கோ நின்றது. நண்பன் கையோடு ஒரு துடைப்பக் கட்டை கொண்டுவந்திருந்தான். துளையில் நுழைத்தான், மறுபக்கம் வந்தது. அவன் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

துளையின் உள்விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மேல் விளிம்பு லேசாக மழுங்கியிருந்தது. எத்தனையோ தடவை கட்டை நுழைத்துத் தூக்கியிருக்கிறார்கள். மூலைகள் சீவப்பட்டு, விரலுக்கு இதமாக இருந்தன. வில் மூன்று துண்டு, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கியது. உள் துண்டை இழுத்தபோது, வெளியே தெரியாமல் இருந்த பகுதி மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தது, வெளிப்பகுதி அறுபது வருடம் துடைத்துத் துடைத்து மங்கலாகியிருந்தது. இந்த வித்தியாசத்தைப் போலியாகக் கொண்டுவருவது கடினம்.

விளக்கு முகம் இரண்டு பாகம். மேலே துளையிட்ட அரைக்கோளம், அதற்குள் ஹோல்டர். சூடு மேலே போகத்தான் அந்தத் துளைகள். கீழே தனி அலுமினிய வளையம் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கையால் நகர்த்தினால் வெளிச்சம் விழும் திசை மாறும். இந்த விளக்கில் வளையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தது. மற்றபடி குறை இல்லை.

வயர்தான் கவலை. ஹோல்டர் அருகே ரப்பர் உறை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. இரண்டு கம்பி மட்டும், எர்த் இல்லை. முழுக்க உலோகத்தாலான விளக்கில் உறை உதிர்ந்த கம்பி என்றால், அது என்றைக்காவது எஃகைத் தொட்டால் தொடுகிறவருக்கு ஷாக். “இதைச் சுவரில் சொருகிக் காட்டட்டுமா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். பழைய விளக்கை வாங்கும்போது எரிகிறதா என்று பார்க்க ஆசை வரும். உறையைப் பார்க்காமல் சொருகாதீர்கள். எரியாத விளக்கை எரியவைப்பது பட்டறைக்கு அரை நாள் வேலை, அதற்காக உயிரோடு விளையாட வேண்டாம்.

2,300 சொன்னார்கள். வயரும் நசுங்கலும் காட்டி 1,750-க்கு முடித்தோம். கல்லில் காப்பிக் கறை இருந்தது. அதைக் காரணம் காட்டி விலை குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பளிங்குக் கறையைப் பார்த்ததும் எலுமிச்சை, வினிகர் என்று தேய்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பளிங்கு சுண்ணாம்புக் கல்லின் ஜாதி. புளிப்பு எதுவாக இருந்தாலும் அதை அரிக்கும், மெருகு போய் வெளுத்த தழும்பு விழும். அது கறையைவிட மோசம்.

நாற்காலிகள்

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன்.

நண்பனின் மனைவிக்கு மிலான் கட்டடக் கலைஞர் ஜியோ போன்ட்டி வடிவமைத்த சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலி மேல் ஆசை. பெயரின் பொருள் ‘மிக லேசானது’. மேடா ஊரில் இருக்கும் கஸீனா நிறுவனம் 1957-ல் வெளியிட்டது, மாடல் எண் 699. எடை 1.7 கிலோ. ஒரு சிறுவன் ஒற்றை விரலில் தூக்கிப் பிடித்திருக்கும் விளம்பரப் படம் பிரபலம். லிகூரியாக் கடற்கரையில் கியாவரி என்ற ஊரில் 1807-லிருந்து ஒருவகை மெல்லிய மர நாற்காலி செய்துவருகிறார்கள். போன்ட்டி அதிலிருந்துதான் தொடங்கினார். முதலில் 1952-ல் ‘லெஜ்ஜேரா’, வெறும் லேசானது. பிறகு மேலும் மேலும் மரத்தைக் குறைத்து, ஆஷ் மரக் காலை முக்கோணக் குறுக்குவெட்டுக்குக் கொண்டுவந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கம் 18 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய காலில் ஒரு மனிதர் நம்பி உட்கார முடிகிறது. உட்காரும் இடம் மெல்லிய பிரம்புப் பின்னல்.

ஃப்ளோஸ் தொடங்கியபோது அதற்குப் பின்னால் இருந்தவர்களில், மரச்சாமான் தொழில் செய்த தீனோ கவீனாவோடு இதே கஸீனா நிறுவனத்தின் செஸாரே கஸீனாவும் ஒருவர். மெரானோ நகரத்தில், ஆர்க்கோ வந்த அதே 1962-ல். ஆக இந்த விளக்கும் இந்த நாற்காலியும் ஒரே மனிதரின் நம்பிக்கையால் வெளியே வந்தவை. ஒரே மேசையில் இரண்டும் சேர்வது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

ஒரு வியாபாரியிடம் கறுப்பு வண்ணத்தில் ஆறு நாற்காலிகள், மொத்தம் 4,000 யூரோ. ஒன்றைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது. நாற்காலி எடுக்கிறோம் என்று கை தயாராகும், ஆனால் எதிர்பார்த்த பாரம் வராமல் கை மேலே எகிறும். காலை விரல்களுக்கு நடுவே உருட்டினேன், மூன்று விளிம்பும் தட்டுப்பட்டன. பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு என் பையில் எப்போதும் இருக்கும். மாட்டினேன். 1.7. இரண்டாவதை மாட்டினேன், 1.8. மற்ற நாலும் பின்னால், மேசைக்கு அடியில் அடுக்கியிருந்தன. மழை வரப்போகிறது, கடை கட்டுகிறார்கள். ஒரே செட்தான் என்று வியாபாரி சொன்னார். நான் தலையாட்டினேன். நண்பன் ஆயிரம் யூரோ முன்பணம் கொடுத்தான்.

அடுத்த வாரம் எடுக்கப் போனபோது ஆறையும் வரிசையாக வைத்து எடை பார்த்தேன். நாலு சரி. ஐந்தாவது 2.6, ஆறாவது 2.7. காலை உருட்டினால் வழவழவென்று வட்டமாக உருண்டது. முதுகு வளைவும் வேறு. கியாவரிப் பாணியில் யாரோ நன்றாகச் செய்த பழைய நாற்காலிகள், அதே கறுப்பு வண்ணம் அடித்து ஆறாக்கியிருக்கிறார்கள். எட்டடி தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முதல் நாளே ஆறையும் எடை பார்த்திருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். விளக்குக்கு மண்டியிட்டுப் பார்த்த நான் நாற்காலிக்கு மழையைச் சாக்காக்கினேன். “செட்” என்ற சொல்லை ஒருபோதும் நம்பாதீர்கள். ஆறு என்றால் ஆறு தடவை பார்க்க வேண்டும்.

ஒரு மணி நேரம் பேசினோம். வியாபாரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தராசை அவர் கையிலேயே கொடுத்தேன். கடைசியில் ஆறையும் சேர்த்து 2,900 என்று முடிந்தது: நாலுக்குத் தலா 650, மற்ற இரண்டுக்கும் தலா 150. அந்த இரண்டையும் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் சொன்னேன். நண்பனின் மனைவி மறுத்துவிட்டாள். “அதுவும் நல்ல நாற்காலிதானே அக்கா. போன்ட்டி எங்கேயிருந்து ஆரம்பிச்சார்னு வர்றவங்களுக்குக் காட்டலாம்.” அவள் சொன்னது சரி. இப்போது அவை மேசையின் இரு கோடியில் இருக்கின்றன. கை வைத்துத் தூக்கினால், 1.7 கிலோவுக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது பக்கத்திலேயே இருக்கும் 2.6 கிலோவால்தான் புரிகிறது.

எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி வாங்கினோம். பொருளின் பெயர், உத்தேசக் காலம், எந்தப் பாகம் மாற்றப்பட்டது, விற்றவர் கையெழுத்து. என்றைக்காவது ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நண்பனுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது, அதற்கும் இது தேவைப்படும். படைத்தவர் இறந்துவிட்டு, செய்து எழுபது வருடம் கடந்து, மதிப்பும் 13,500 யூரோவுக்கு மேல் இருந்தால், அந்தப் பொருளை இத்தாலியை விட்டு வெளியே கொண்டுபோக அரசின் ஏற்றுமதி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இவனுடைய பொருள்கள் அந்த விலைக்கு வெகு கீழே. தானே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியோடு முடிந்துவிடும். ஆனால் அதில் மதிப்பையும் வயதையும் காட்ட இந்தச் சீட்டுதான் ஆதாரம்.

வீட்டுக்கு

விளக்கைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். பழைய வயரை வில்லின் மடிப்பிலிருந்து உருவும்போது அதன் முனையில் புதிய வயரைக் கட்டிவிட்டேன். பழையது வெளியே வர வர, புதியது அதே பாதையில் உள்ளே போனது. எர்த் உள்ள மூன்று கம்பி வயர், உறையும் பிளக்கும் இன்றைய தரத்தில். எர்த்தை எஃகோடு சேர்த்து, மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே பல்பு போட்டேன். அலுமினிய வளையத்தின் நசுங்கலைத் தட்டி எடுக்க முடியும். எடுக்க வேண்டாம் என்று நண்பன் சொன்னான், விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் உண்டு, ஆனால் கல்லோடு இரண்டு பேர் நிற்க இடமில்லை. படியேறித்தான் தூக்கினோம். நானும் அவனும் துடைப்பக் கட்டையின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் இறக்கி மூச்சு வாங்கினோம். இரண்டாம் தளத் திருப்பத்தில் கல்லின் மூலை என் முழங்காலில் நன்றாகவே இடித்தது. சீவிய மூலை. ஒரு கீறல்கூட விழவில்லை.

வில்லை முழுக்க நீட்டி, விளக்கு முகத்தை மேசையின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். அடிக்கல் சுவரோரம், மேசைக்கும் கல்லுக்கும் நடுவே அவன் மனைவி கையில் குழம்புச் சட்டியோடு குனியாமல் நடந்து போனாள். பரிமாறுகிறவர் பின்னால் போய்வர இடம் விட்டுத்தான் காஸ்திலியோனி சகோதரர்கள் அந்த இரண்டு மீட்டரைக் கணக்குப் போட்டார்கள்.

கழற்றிய பழைய வயர், ஹோல்டர், பிளக் மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, மாற்றிய தேதியையும் என் பெயரையும் எழுதிய சீட்டை உள்ளே வைத்துக் கட்டிக் கொடுத்தேன். சீட்டுகளோடு சேர்த்து அதை அவன் பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறான். துடைப்பக் கட்டை கதவுக்குப் பின்னால் இருக்கிறது.